மூன்றரை அடி

ஆற்றுக்குக் கணக்குப் போடுவதும் எருமைக்கு ஜாதகம் எழுதுவதும் ஒன்றுதான் என்று கஞ்சிக்கோட்டில் கேலி பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் ஒருவர்கூட வேங்கையாற்றங்கரையில் குடியிருந்ததில்லை. குடியிருந்தவர்களுக்குத் தெரியும். மழை மலையில்தான் பெய்யும். கீழே மீனாட்சிபுரம் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த வெயிலிலேயே வெள்ளம் வந்து ஆளை அடித்துக்கொண்டு போகும். மேலணையில் கதவைத் தூக்கினால் தண்ணீர் பதினெட்டு மைல் ஓடி நிலம்பதிக்கு வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆகும். நிலம்பதி என்றால் ஆற்றின் குறுக்கே தாழ்வாகப் போட்ட தரைப்பாலம். கைப்பிடிச் சுவர் கிடையாது. சொசைட்டிக்குப் பால் கொண்டு போகிற பெண்களுக்கு அதை விட்டால் வேறு வழியும் கிடையாது.

கமலாத்தாள் மீனாட்சிபுரத்துக்காரி. கடலையும் சோளமும் போடுகிற குடும்பத்தில் பிறந்து, கோயமுத்தூரில் எஞ்சினீயரிங் படித்து, கஞ்சிக்கோட்டில் பழைய நெல் குடோன் ஒன்றில் நடந்துவந்த சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். 1976-இல் அவள் ஒரே ஒரு மைக்ரோபிராசசரை வைத்து ஆற்றின் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். விடை சரியாகத்தான் வந்தது. ஆனால் வர நாலு மணி நேரம் ஆனது. தண்ணீர் வந்து, ஊரைப் பார்த்து, திரும்பியும் போன பிறகு "தண்ணீர் வருகிறது" என்று சொல்லுகிற கணக்கு யாருக்கு வேண்டும்?

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. ஆற்றைப் பன்னிரண்டு துண்டாக வெட்டினால் என்ன? ஒரு துண்டுக்கு ஒரு மைக்ரோபிராசசர். ஒவ்வொன்றும் தன் ஒன்றரை மைலை மட்டும் பார்த்துக்கொள்ளும். தனக்கு மேலே இருப்பவனிடம் எவ்வளவு தண்ணீர் விடுகிறாய் என்று கேட்கும். கீழே இருப்பவனுக்கு இவ்வளவு விடுகிறேன் என்று சொல்லும். எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஊர் கூடித் தேர் இழுக்கிற கதைதான். நாலு மணி நேரக் கணக்கு இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது. அன்றைக்குக் குடோனில் அவள் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள்.

கூட வேலை பார்த்தவன் சுருளிவேல். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் வளர்ந்தவன். மைக்ரோபிராசசருக்கு ஒன்றாகப் போர்டுகளைச் செய்தது, கம்பிகளை ஒட்டியது, இரும்புச் சட்டத்தில் பன்னிரண்டையும் அடுக்கியது எல்லாம் அவன் கை. அவளைவிட மூன்று வயது இளையவன். "அக்கா" என்பான். அவள் அவனை "தம்பி" என்று கூப்பிட்டு, கொங்கு வழக்கப்படி ஒரு "ங்க"வும் போடுவாள். தம்பி என்று சொல்லிவிட்டு அப்புறம் எதற்கு மரியாதை என்று அவன் மூன்று வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இருவரும் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சண்டை போட்டார்கள். மேல் போர்டு எண்ணைக் கொடுக்காவிட்டால் கீழ் போர்டு என்ன செய்ய வேண்டும்?

"காத்திருக்கோணும்" என்றாள் கமலாத்தாள்.

"எவ்வளவு நேரம்க்கா?"

"குடுக்கற வரைக்கும்."

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அப்போது தெரியாது. மீனாட்சிபுரத்து வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். மேல்காட்டுக்காரர் பாய்ச்சி முடித்து, வரப்பில் வந்து நின்று "போதுமுங்க, நீங்க கட்டிக்கோங்க" என்று தன் வாயால் சொல்லுவார். அதற்குப் பிறகுதான் அடுத்தவர் மடையை வெட்டுவார். மேல்காட்டில் சாவு விழுந்துவிட்டால் யாரும் போய்த் தண்ணீர் கேட்க மாட்டார்கள். அவர்களாகச் சொல்லியனுப்புகிற வரைக்கும் அதற்குக் கீழே இருக்கிற வயல்காடு முழுக்கக் காயும். ஒரு கோடையில் அப்படிக் காத்திருந்து கமலாத்தாள் வீட்டுக் கடலைச் செடி அத்தனையும் கருகிப் போயிற்று. அவள் அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "செடி போனா அடுத்த போகத்துல முளைக்கும். இழவூட்டுல தண்ணி கேட்ட பேரு போகாது" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவளுக்குக் காத்திருப்பதில் தப்பு என்று ஒன்று இருக்க முடியும் என்றே தோன்றவில்லை.

சுருளிவேல் பார்த்து வளர்ந்தது வேறு. "எங்க எஸ்டேட்ல காலையில பிரட்டுக்களத்துல பேரு கூப்பிடுவாங்கக்கா. ரெண்டாவது சங்கு ஊதுறதுக்குள்ள ஆளு வந்து நிக்கலைன்னா பேரை அடிச்சிட்டு, ஆள் இல்லைன்னு கத்திச் சொல்லிட்டு, மலைக்குப் போயிட்டே இருப்பாங்க. அது மாதிரி ஒரு கெடு வைங்க."

"பக்கத்தவன் சொல்லாத எண்ணை வெச்சுக் கணக்குப் போட்டா அது பொய்க் கணக்குங் தம்பி."

"கணக்குப் போட வேண்டாம். ஆள் இல்லைன்னு கத்தவாவது வேணாமா? ஒரு டைமரும் ஒரு சிவப்பு லைட்டும் போதும்க்கா."

புரோகிராமில் இடமில்லை, அடுத்த மெஷினில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் சொல்லிவிட்டாள். இடமில்லை என்பது பாதி நிஜம். மீதிப் பாதி பிடிவாதம். தான் செய்ததன்மேல் இருக்கிற ஆசை கண்ணை மறைக்கும் என்பது படித்தவர்களுக்கும் பொருந்தும்.

1979 ஜூன் மாதம் மெஷினை நிலம்பதிக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கேபினில் வைத்தார்கள். மேலணைக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது டெலிபோன் கம்பி வழியாக முதல் போர்டுக்கு வரும். அடுத்த அரை மணியில் நிலம்பதியில் தண்ணீர் எத்தனை அடி நிற்கும் என்பது ஜன்னலுக்கு உள்ளே சிவப்பு எழுத்தில் எரியும். நாலு அடிக்குக் கீழே என்றால் போகலாம். நாலைத் தாண்டினால் பாலத்தின் குறுக்கே சங்கிலி போட வேண்டும். சங்கிலிக்காரர் குப்பண்ணன். அவரும் மீனாட்சிபுரம்தான். இருபது வருஷமாக ஆற்றின் இரைச்சலைக் கேட்டும், தண்ணீரின் நிறத்தைப் பார்த்தும், மிதந்து வருகிற செத்தையைப் பார்த்தும் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தவர். இனிமேல் அதெல்லாம் வேண்டாம், எண்ணைப் பார்த்து மட்டும் போடு என்று பாசன இலாகா மேலிடத்தில் எழுதிக் கொடுத்து, அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் மெஷின் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அந்தப் பெருமையில் அறுபத்து நாலு போர்டுகள் வைத்த பெரிய மெஷினுக்கு மேலிடம் சம்மதிக்கிற நிலைக்கு வந்துவிட்டது.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி பிற்பகல் மூன்று மணி இருபது நிமிஷத்துக்கு வெள்ளம் வந்தது. எண் நாலுக்குக் கீழே இருக்கிறதென்று குப்பண்ணன் சங்கிலியை எடுத்து விட்டிருந்தார். பாலத்தின்மேல் ஒரே ஒரு ஆள். பால் கேனோடு போய்க்கொண்டிருந்த அவருடைய மனைவி காளியாத்தாள். பாதிப் பாலம் போவதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. திரும்பினாள். இடுப்புக்கு வந்தது. குப்பண்ணன் சங்கிலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். கேன்தான் அவர் கைக்குக் கிடைத்தது.

விசாரணையை அங்கே மலையாளத்தில் அன்வேஷணம் என்பார்கள். அது நாலாம் நாளே தொடங்கியது. எண் மூன்றரை என்றுதான் இருந்தது என்றார் குப்பண்ணன். விசாரிக்க வந்த எக்ஸிகியூட்டிவ் எஞ்சினீயர் கமலாத்தாளைப் பார்த்தார். மெஷின் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. விபத்து நடந்த பதற்றத்தில் யாரோ சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். மேலணை ரிஜிஸ்டரில் அன்றைய கதவுக் கணக்கு இருந்தது. அதை வாங்கி, அத்தனை பேர் முன்னாலும் கமலாத்தாள் மெஷினைத் திரும்ப ஓட விட்டாள். மூன்று மணிக்கு உரிய இடத்தில் எண் ஆறு புள்ளி இரண்டு என்று எரிந்தது.

"மெஷின் சரியாத்தாஞ் சொல்லியிருக்குதுங்க சார்" என்றாள். அவள் குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. பிற்பாடு எத்தனையோ தடவை அவள் நினைத்து வெட்கப்பட்டது அந்த நிம்மதியைத்தான்.

"கண்ணால் காண்பதும் பொய் என்று நம்முடைய ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்?" என்று எஞ்சினீயர் ஃபைலை மூடினார்.

"அப்படின்னா என்ற கண்ணுதானுங் தப்பாப் பாத்துருக்கோணும்" என்றார் குப்பண்ணன். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கடைசி உத்தரவு அடுத்த மாதம் வரும் என்றார்கள்.

ஒரு வாரம் கழித்துக் கமலாத்தாள் கேபினுக்குப் போனபோது ஜன்னலுக்கு வெளியே குப்பண்ணன் நின்றுகொண்டிருந்தார். தினமும் வருகிறாராம். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணைப் படித்தார். பிறகு மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தார். பாலத்துக்குப் போகிற ஒருவரை நிறுத்தி, "ஏனுங்க, அது என்ன நம்பருங்க? மூணுங்களா, ஆறுங்களா?" என்று கேட்டார். மூணுதான் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

கமலாத்தாளைப் பார்த்ததும் குப்பண்ணன் கும்பிட்டார். "இங்க நம்ம சித்தூர் ஆஸ்பத்திரியில கண்ணு நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க அம்மிணி. நல்லாருக்கற கண்ணு அன்னைக்கு மட்டும் ஏனுங்க ஆறை மூணாப் பாத்துச்சு? எனக்கு அது ஒண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதும். வேலை போனாப் போகுது."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மதிய வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை கொதித்தது. சுருளிவேல் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொரு போர்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழாவது போர்டில் அவன் கை நின்றது.

"அக்கா, இங்க வாங்க. இதை லேசா அமுக்குறேன், எண்ணைப் பாருங்க."

ஏழாவது போர்டு சட்டத்தில் செருகி நிற்கிற இடத்தில், ஈயம் உருக்கி ஒட்டிய சாலிடரில் தலைமுடி அகலத்துக்கு ஒரு விரிசல். ஆறின நேரத்தில், அன்வேஷணத்தன்று இருந்த மாதிரி, ஒட்டிக்கொண்டிருக்கும். சூடு ஏறினால் விலகும். விலகினால் ஏழாவது போர்டு செத்துப் போகும். எட்டாவது அது சொல்லட்டும் என்று காத்திருக்கும். எட்டுக்காக ஒன்பது. அந்தப் பக்கம், தான் சொல்லுகிற எண்ணை ஏழு வாங்கிக்கொள்ளட்டும் என்று ஆறு, ஆறுக்காக ஐந்து. பன்னிரண்டும் வாயைத் திறக்காமல், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல், மரியாதையாகக் காத்துக்கொண்டு நிற்கும். ஜன்னலில் கடைசியாக வந்த எண் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். தண்ணீர் சீராக இருக்கிற நாளில் ஒரு மணி நேரம் ஒரே எண் இருப்பது வழக்கம்தான். யாருக்கும் சந்தேகம் வராது.

கமலாத்தாள் விரலை எடுக்கச் சொன்னாள். எண் நின்றது. அமுக்கச் சொன்னாள். ஓடியது. நாலு தடவை அப்படிச் சொன்னாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விரிசல் யார் செய்கிற மெஷினிலும் வரும். அதற்காக யாரும் யாரையும் தூக்கில் போட மாட்டார்கள். ஆனால் ஒருவன் செத்தது தெரியாமல் மற்ற பதினொன்றும் நிற்கிறதே, அது விரிசல் செய்த வேலை இல்லை. காத்திருக்கோணும் என்று எழுதியவள் அவள்.

சுருளிவேல் நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அக்கா, நான் சொல்றதைக் கோபப்படாமக் கேளுங்க. ரெண்டு நிமிஷத்துல இதை ஒட்டிருவேன். லைட்டும் போட்டுருவேன். நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரியும்."

"வெளிய நிக்கறவருக்கு?"

"அந்தம்மா திரும்ப வரப் போறதில்லைக்கா. இப்ப இதைச் சொன்னா அறுபத்து நாலு போர்டும் போச்சு. இனி இந்தப் பக்கம் எந்த ஆத்துக்கும் மெஷின் வைக்க விட மாட்டாங்க. அடுத்த வருஷம் வேற ஆத்துல எத்தனை பேர் சாவாங்க? அந்தப் பாவம் யாருக்கு?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். சுயநலத்துக்காகப் பேசியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஜன்னல் வழியாகக் குப்பண்ணன் தெரிந்தார். இன்னொரு ஆளை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஆத்தைக் கணக்குப் பண்ண வந்தவங்க நாம. ஒரு மனுசன் சாகற வரைக்கும் தன்ற கண்ணைச் சந்தேகப்பட்டுட்டு இருக்கறதுக்கு என்ன கணக்கு வெச்சிருக்கறோம்? என்ற வாயால சொன்னது. என்ற வாயாலதான் இல்லைன்னு சொல்லோணும்."

சுருளிவேல் ஏழாவது போர்டை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தான். "சொன்னா நம்ப மாட்டாங்கக்கா. உங்க ஊர் ஆளைக் காப்பாத்தப் பேசுறீங்கம்பாங்க. காட்டணும்" என்றான். "நூறு வாட்ஸ் பல்பு ஒண்ணு வேணும்."

செப்டம்பர் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு எக்ஸிகியூட்டிவ் எஞ்சினீயர் வந்தார். இரண்டு குமாஸ்தாக்கள் கூட வந்தார்கள். குப்பண்ணன் மூலையில் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி உத்தரவைக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார்.

கமலாத்தாள் அன்றைய கதவுக் கணக்கையே திரும்பக் கொடுத்து மெஷினை ஓட விட்டாள். மூன்று புள்ளி மூன்று. மூன்று புள்ளி நாலு. சுருளிவேல் எரிகிற பல்பை ஏழாவது போர்டுக்கு அருகில் பிடித்துக்கொண்டு நின்றான். எண் மூன்று புள்ளி ஐந்துக்கு வந்தது.

ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று. எஞ்சினீயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், மெஷின் இப்ப ஓடுதுங்களா, நின்னுருச்சுங்களா?" என்று கேட்டாள் கமலாத்தாள்.

"இதென்ன சோத்யம்? இப்படியொரு கேள்வியா? ஓடுகிறது. எண் எரிகிறதே."

"நின்னு பத்து நிமிசம் ஆச்சுங்க. ஏழாவது போர்டு செத்துப்போச்சு. மத்ததெல்லாம் அதுக்காகக் காத்திட்டு இருக்குது. அன்னைக்கு இந்நேரத்துக்கு மேலணையில அஞ்சு கதவையும் தொறந்தாச்சுங்க."

எஞ்சினீயர் எழுந்து எண்ணுக்கு அருகில் போனார். அது அசையவில்லை. நல்ல சிவப்பில், தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எரிந்தது. சுருளிவேல் பல்பை அணைத்துவிட்டு, போர்டை விரலால் அமுக்கினான். மெஷின் விட்ட இடத்திலிருந்து கணக்கைப் பிடித்தது. மூன்று புள்ளி ஒன்பது. நாலு புள்ளி ஆறு. ஐந்து புள்ளி மூன்று. ஆறு புள்ளி இரண்டு.

"ஆரு டிசைன் செய்தது?" என்று எஞ்சினீயர் கேட்டார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"போர்டு நான் செஞ்சது சார்" என்றான் சுருளிவேல்.

"போர்டு ஒடையறது இயற்கைங்க. ஒடைஞ்சதை வெளிய சொல்லாத மாதிரி எழுதினது நான்" என்றாள் கமலாத்தாள். "லைட்டு வைக்கலாம்னு இவரு கேட்டாரு. நாந்தான் வேண்டாம்னேன். அதையும் எழுதிக்கோங்க. குப்பண்ணன் படிச்சது சரிங்க. நான் அன்னைக்குச் சொன்னதுதான் தப்பு."

குமாஸ்தா எழுதினார். அறுபத்து நாலு போர்டு மெஷினைப் பற்றிய கடிதத்தை மேலே அனுப்ப வேண்டாம் என்று எஞ்சினீயர் தணிந்த குரலில் இன்னொருவரிடம் சொன்னார். சுருளிவேல் பல்பைத் துடைத்துக்கொண்டே இருந்தான். மூன்று வருஷ வேலை இரண்டு வரியில் முடிந்துவிட்டது. கமலாத்தாளுக்கு அதற்கு அழுகை வரவில்லை. பிறகு வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

குப்பண்ணன் மூலையிலிருந்து வந்தார். மெஷின் இருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மிணி, அன்னைக்கும் இதே மூணரைதானுங்களா?"

"மூணரைதானுங்ணா. நீங்க சரியாத்தாம் பாத்தீங்க. உங்க கண்ணுல ஒரு தப்பும் இல்லீங்ணா."

இத்தனை நாளாக அவர் அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இப்போது அவர் வாய் கோணியது. மேஜையோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"அவ போறதுக்கு மிந்தி கேட்டாளுங் அம்மிணி. தண்ணி செவந்து வருது, செத்தை வேற மெதக்குது, போலாமுங்களான்னு கேட்டா. நானும் செத்தையைப் பாத்தனுங். அப்பறம் நம்பரைப் பாத்தேன். நம்ம கமலாத்தா போட்ட கணக்கு, பொய்க்காது, போன்னு நாந்தானுங்க சொல்லி உட்டேன்."

கமலாத்தாள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.